நொடிப்பு நிலையில் கடனாளியின் உடைமைகள்: சட்டம் விட்டுவைப்பவை எவை?

கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலை ஒரு குடும்பத்திற்கு ஏற்படும்போது, கடன் கொடுத்தவர் அக்குடும்பத்தின் உடைமைகளுள் எவற்றை எடுத்துக் கொள்ளலாம், எவற்றைத் தொடலாகாது என்னும் கேள்வி எழுகிறது. இதனை இரக்கத்தின்பாற்பட்ட கேள்வி என்றே பலரும் கருதுகின்றனர். பொருளாதார நோக்கில் அது அவ்வாறன்று. ஒரு தச்சரின் உளியும் வாளும் இழைப்புளியும் ஏலத்தில் அற்பத் தொகைக்கே போகும். அவையே அவருடைய கையில் இருந்தால் ஓராண்டில் அதைப்போல் பல மடங்கு ஊதியத்தை ஈட்டித் தரும். புழங்கிய பாத்திரங்களும் படுக்கையும் விலைக்குப் போகும் தொகை, அவற்றை எடுத்துச் செல்லும் வண்டிக் கூலிக்கே போதாமலும் இருக்கலாம். கடன் கொடுத்தவருக்கு வரவு சிறிது. கடன்பட்டவருக்கு இழப்புப் பெரிது. அவர் உழைக்கும் ஆற்றலை இழப்பதால் சமுதாயத்திற்கும் இழப்பு. இந்தக் கணக்கே விலக்குப் பெற்ற உடைமைகள் என்னும் சட்டக் கருத்தின் அடிப்படையாகும்.

நம் நாட்டில் இக்கணக்கைக் கற்பித்தவர்கள் சட்ட அறிஞர்கள் அல்லர், தக்காணத்து உழவர்கள். 1875 ஆம் ஆண்டு மே மாதம் பூனா மாவட்டத்தில் சூபா என்னும் ஊரில் தொடங்கிய கலவரத்தில், வட்டிக் கடைக்காரர்களின் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் உழவர்கள் தேடி எடுத்துத் தீயிட்டனர். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன் விளைவாக 1879 இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் பிறந்தது. பணக் கடனுக்கான தீர்ப்பாணையை நிறைவேற்ற உழவரைச் சிறையிலிடலாகாது. குறிப்பாக ஈடு வைக்கப்பட்டிருந்தாலன்றி அவருடைய நிலத்தைப் பற்றுகை செய்து விற்கலாகாது என்று அச்சட்டம் விதித்தது. ஈடு வைக்கப்பட்டிருந்தாலன்றி என்னும் அச்சிறு நிபந்தனையை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். இன்றும் கடனாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பின் எல்லைக்கோடு பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிற்கிறது.

மூன்று சட்டங்கள்

தனிநபர் நொடிப்பு நிலையை அடைந்தால், அவர் எங்கு வாழ்கிறார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுபடுகிறது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பழைய ராஜதானி நகரங்களுக்கு 1909 ஆம் ஆண்டின் ராஜதானி நகரங்கள் நொடிப்புச் சட்டம் பொருந்தும். அங்கு மனு உயர் நீதிமன்றத்திற்குச் செல்லும். கடனாளியின் உடைமைகள் அஃபிஷியல் அசைனி எனப்படும் அலுவலரின் பொறுப்பில் சேரும். ஏனைய இடங்களுக்கு 1920 ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். அங்கு மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கும். ரிசீவர் உடைமைகளை ஏற்பார். இவ்விரண்டையும் நீக்கி ஒரே சட்டமாக்கும் நோக்குடன் 2016 இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. எனினும் தனிநபர் பற்றிய அதன் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகள் வாங்கிய கடனுக்குச் சொந்த ஜாமீன் அளித்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே சிறு வணிகரும் கைவினைஞரும் மாதச் சம்பளக்காரரும் பழைய இரு சட்டங்களின் கீழேயே உள்ளனர்.

விலக்குப் பட்டியல்

1920 ஆம் ஆண்டுச் சட்டம் தானே ஒரு பட்டியலைத் தரவில்லை. 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பற்றுகைக்கும் விற்பனைக்கும் உட்படாதவை என்று கூறப்பட்டவை எவையோ, அவை நொடித்தவரின் சொத்தில் சேரா என்று கூறி அமைகிறது. எனவே நாம் படிக்க வேண்டுவது நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவாகும்.

கடனாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள், உழவரானால் ஏர் முதலிய கருவிகள், அவர் பிழைப்புக்கு இன்றியமையாதவை என நீதிமன்றம் கருதும் கால்நடைகள், விதை நெல், உழவரோ தொழிலாளியோ வீட்டு வேலையாளோ தமக்குச் சொந்தமாகக் கொண்டு தாமே குடியிருக்கும் வீடு ஆகியவை அப்பிரிவினால் காக்கப்படுகின்றன. தொழிலாளியின் கூலி, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் கீழ் வரவேண்டிய தொகை ஆகியனவும் அவ்வாறே. ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டாலும் அதன் தன்மை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்துள்ளது.

உழவரின் வீடு காக்கப்படுகிறதேயன்றி அவருடைய வயல் அவ்வாறு பொதுவாகக் காக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்துச் சிறு கடைக்காரரின் வீட்டுக்கோ மத்தியச் சட்டத்தில் இடமே இல்லை. பஞ்சாபில் இக்குறை முன்னரே உணரப்பட்டது. விடுதலைக்கு முன்பே அம்மாகாணம் செய்த திருத்தம், உழவர் அல்லாதாரின் முக்கியக் குடியிருப்பு வீடு ஒன்றுக்கும் கறவை மாடுகளுக்கும் விலக்கு அளித்தது. அந்த வீடு அதே கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் மட்டும் விலக்கு இல்லை. ஆகவே தம் மாநிலத்தில் 60 ஆம் பிரிவு எவ்வாறு திருத்தப்பட்டுள்ளது என்பதைப் பாராமல் எவரும் முடிவுக்கு வரலாகாது.

சம்பளத்தின் கணக்கு தனி. 2002 ஜூலை முதல் உள்ள விதிப்படி, மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் விலக்குப் பெறும். 31,000 ரூபாய் சம்பளம் பெறுபவரிடம் 1,000 போக எஞ்சிய 30,000 இல் 20,000 விலக்கு; பற்றுகைக்கு உட்படுவது 10,000 மட்டுமே. மொத்தம் 24 மாதங்கள் இவ்வாறு பிடித்த பின்னர் 12 மாதங்கள் பிடித்தம் இன்றி விட வேண்டும். பிடித்தம் முழுவதும் ஒரே தீர்ப்பாணைக்காக நடந்திருந்தால் 24 மாதங்களுக்குப் பின் அந்தத் தீர்ப்பாணைக்காக மீண்டும் பிடிக்கவே இயலாது. மனைவி மக்களின் ஜீவனாம்சத்திற்கான தீர்ப்பாணையாயின் கணக்கு தலைகீழாகும்: விலக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இது நியாயமே. கடனாளியின் குடும்பத்தைக் காக்கத் தோன்றிய விலக்கு, அக்குடும்பத்திற்கு எதிரான கேடயமாகலாகாது.

1976 இல் சேர்க்கப்பட்ட ஒரு உட்பிரிவு போதிய அளவு அறியப்படவில்லை. 60 ஆம் பிரிவின் பயன் எனக்கு வேண்டாம் என்று கடனாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. அச்சிட்ட படிவத்தில் எங்கோ ஒரு மூலையில் அத்தகைய வாசகம் இருந்து, அதன்கீழ் அவர் கையெழுத்திட்டிருந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் விலக்கை விட்டுக்கொடுப்பது வேறு. பொருளை ஈடு வைப்பது வேறு. ஈடு வைத்த பொருளை விற்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு அந்த ஈட்டினாலேயே உண்டாகிறது. மாநிலத் திருத்தம் எதுவும் குறுக்கிடாத வரையில், 60 ஆம் பிரிவு பொதுவாக அதனைத் தடுப்பதில்லை. வங்கிகள் நீதிமன்றத்தை நாடாமல் ஈட்டுப் பொருளைக் கைப்பற்ற வகை செய்த 2002 ஆம் ஆண்டுச் சட்டமும், விலக்குப் பெற்ற சொத்துக்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அக்கடனுக்கென்றே ஈடு காட்டப்பட்டவற்றை மட்டும் மீண்டும் உள்ளே இழுத்துக் கொள்கிறது.

ஒரு கைவினைஞரின் வீட்டில்

எடுத்துக்காட்டாக, கட்டாக் நகரில் தாரகாசி எனப்படும் வெள்ளிக் கம்பி வேலை செய்யும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். அவர் வீட்டுப் பட்டறையில் உலை, குறடுகள், கம்பி இழுக்கும் தகடு ஆகியன உள்ளன. வங்கிக் கடனில் வாங்கிய மெருகேற்றும் எந்திரம் ஒன்றும் உள்ளது. அந்த எந்திரமே அக்கடனுக்கு ஈடு. வணிகர் ஒருவர் கூலி வேலைக்குக் கொடுத்த வெள்ளி மேசை அறையில் கிடக்கிறது. மனைவியின் காதிலும் கையிலும் சில நகைகள். இவர் நொடிப்பு மனு கொடுத்தால் என்ன ஆகும்?

கைக்கருவிகள் தப்பும். எந்திரமும் கைவினைஞரின் கருவியே எனினும், ஈடாக உள்ளமையால் வங்கியின் உரிமைக்கு உட்படும். வெள்ளி அவருடையதன்று; பிறர் பொருளை ரிசீவர் எடுக்கலாகாது என்பதே பொதுவிதி. ஆயினும் இங்கு ஒரு கண்ணி உண்டு. உண்மை உரிமையாளரின் சம்மதத்துடன், நொடித்தவரின் தொழிலில், அவரே சொந்தக்காரர் என்று ஊரார் கருதும்படியான சூழ்நிலையில் அவர் வசம் இருக்கும் சரக்கு அவருடைய சொத்தாகவே கொள்ளப்படும் என்று மாகாணச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு கூறுகிறது. வணிகர் எடை குறித்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், கூலி வேலைக்குச் சரக்குக் கொடுப்பது அத்தொழிலின் வழக்கம் என்றும் மெய்ப்பித்தால், அவர் வெள்ளியை மீட்கலாம். வாய்ச் சொல்லாகவே எல்லாம் நடந்திருந்தால் கைவினைஞரின் கடனுக்கு வணிகர் வெள்ளி இழப்பார். ஒரு துண்டுச் சீட்டின் விலை அப்போதுதான் தெரியவரும்.

மனைவியின் நகையைப் பற்றிப் பெருங்குழப்பம் நிலவுகிறது. மத வழக்கப்படி கழற்றலாகாத அணி மட்டுமே காக்கப்படும், மற்றவை போய்விடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த விதி கணவனுக்கு உரியதாகக் கொள்ளப்படும் நகைக்கே பொருந்தும். பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்தும் திருமணத்தின்போதும் கிடைத்த சீதனம் அவளுக்கே முழு உரிமையானது என்பதை உச்ச நீதிமன்றம் 1985 இல் ஐயத்திற்கு இடமின்றி உறுதி செய்துள்ளது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பன்று. அவள் தானே ஜாமீன் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் நிலைமை மாறும். கடன் படிவத்தில் மனைவியின் கையெழுத்தையும் வாங்கிக் கொள்வது வெறும் சடங்கு என்று சொல்லப்படும்போது அதனை நம்பலாகாது.

இதேபோல் 1874 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்படி, மனைவி அல்லது பிள்ளைகளின் நலனுக்கென்று குறிப்பிட்டுக் கணவன் எடுக்கும் ஆயுள் காப்பீடு ஒரு நம்பிக்கைப் பொறுப்பாகக் கருதப்பட்டு, அவருக்குக் கடன் கொடுத்தவர்களின் கைக்கு எட்டாது. கடன்காரர்களை ஏமாற்றும் எண்ணத்துடன் எடுத்தால் இது பொருந்தாது. தந்தையின் கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்னும் பழைய இந்துச் சட்டக் கொள்கையும், 2005 செப்டம்பர் 9 க்குப் பின் ஏற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை நீதிமன்றத்தில் செல்லாது.

கடைசி நேர மாற்றங்கள்

விலக்குப் பட்டியலை அறியாமையால் ஏற்படும் கேடுகளுள் மிகப் பெரியது, நொடிப்பு நெருங்கும் வேளையில் சொத்தை மைத்துனர் பெயருக்கோ மகன் பெயருக்கோ எழுதி வைப்பதாகும். உறவினரும், சில வேளைகளில் அரைகுறை ஆலோசகர்களும், இதனையே பாதுகாப்பு என்று பரிந்துரைக்கின்றனர். சட்டம் இதனை முன்னரே எதிர்பார்த்துள்ளது. திருமணத்தை முன்னிட்டு அதற்கு முன் செய்ததும், நல்லெண்ணத்துடன் தக்க விலை கொடுத்து வாங்கியவருக்குச் செய்ததும் நீங்கலாக, மனு கொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த சொத்து மாற்றங்களை ரிசீவரின் வேண்டுகோளின்பேரில் நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். பல கடன்காரர்களுள் வேண்டிய ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை காட்டி மூன்று மாதங்களுக்குள் பணம் கொடுத்திருந்தால் அதுவும் நிலைக்காது. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், கடன்காரர்களை ஏய்க்கும் எண்ணத்துடன் செய்த மாற்றங்களைத் தாக்குவதற்கு இத்தகைய இரண்டாண்டு எல்லையையும் வைக்கவில்லை. சொத்தை மோசடியாக மறைப்பவருக்கு மாகாணச் சட்டத்தின்கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

இதில் வருந்தத்தக்க விந்தை ஒன்று உள்ளது. தம் பெயரிலேயே இருந்திருந்தால் எவரும் தொட்டிருக்க முடியாத உழவரின் குடியிருப்பு வீட்டை, அச்சத்தினால் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் பெயருக்கு மாற்றுகின்றனர். மகன் உழவர் அல்லர். அந்த வீட்டில் குடியிருப்பவரும் அல்லர். காக்கப்பட்டிருந்த பொருள் வழக்குப் பொருளாகிறது. கடனாளியின் நேர்மையும் கேள்விக்குரியதாகிறது.

நேர்மையே இச்சட்டங்களில் நாணயமாகச் செல்லுபடியாகிறது. மனுவில் தம் உடைமை முழுவதையும், விலக்குப் பெற்றவை உட்பட, மதிப்புடனும் இருக்கும் இடத்துடனும் குறிப்பிட்டு, அதன் பின்னரே இவை இவை எனக்கு விலக்கு என்று கோர வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுப் பின்னர் விலக்குக் கோருவது ஐயத்தையே வளர்க்கும். கணக்குப் புத்தகங்கள் இதற்கு நல்ல உதாரணம். சாதாரணப் பற்றுகையில் அவற்றை எடுக்கலாகாது. ஆனால் நொடிப்பு நடவடிக்கையில் அந்த விலக்கு மட்டும் மறுக்கப்பட்டு, புத்தகங்களை ஒப்படைத்தே ஆக வேண்டும். உளியை வைத்துக் கொள், கணக்கைக் காட்டு என்கிறது சட்டம்.

500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனு கொடுக்கலாம் என்னும் 1920 இன் எல்லை மாற்றப்படவில்லை. நொடித்தவர் என நீதிமன்றம் அறிவிக்கும்போதே, விடுவிப்புக் கோரி விண்ணப்பிக்க ஒரு காலக்கெடுவையும் குறிக்கும். அக்கெடுவைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, கடனாளி பழைய இடத்திற்கே திரும்புவார். விடுவிப்புப் பெறும் வரையில் புதிதாகச் சேரும் சொத்தும் ரிசீவரையே சேரும் என்பதால் தாமதம் எவ்வகையிலும் நன்மை தராது. உடைமைகள் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கும் தேறாவிடில், அந்நிலைக்குத் தாம் பொறுப்பல்ல என்பதைக் கடனாளி காட்ட வேண்டியிருக்கும். வெள்ளம், நோய், சந்தை வீழ்ச்சி ஆகியவற்றுக்கான சான்றுகளைச் சேர்த்து வைப்பது இங்கே பயன்படும். அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனும் மோசடியால் விளைந்த கடனும் விடுவிப்பினால் தீர்வதில்லை. வறுமையினால் மட்டுமே கடனைக் கட்ட இயலாதவரைச் சிறையிலிடுவது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1980 இல் கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் கூறியதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

ரூபாயில் எழுதிய எல்லைகள்

ராஜதானி நகரங்களின் 1909 ஆம் ஆண்டுச் சட்டம், கருவிகள், உடை, படுக்கை, பாத்திரம், அறைகலன் அனைத்தும் சேர்ந்து 300 ரூபாய் மதிப்புக்கு மேற்படாத அளவுக்கே விலக்கு அளித்தது. அன்று அது ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் போதுமானதாயிருந்திருக்கலாம். இன்று 300 ரூபாய்க்கு ஒரு நல்ல குக்கரும் வாராது. எழுத்துப்படி நடத்தினால் சென்னையில் ஒரு தையற்காரர், செங்கற்பட்டில் உள்ள தையற்காரரைவிடக் குறைந்த பாதுகாப்புடையவராகிறார். பொருளைப் பெயர் சொல்லிக் காக்கும் சட்டம் நூறாண்டு தாங்குகிறது. ரூபாயில் காக்கும் சட்டம் விலைவாசி ஏற்றத்தில் தானே கரைந்து போகிறது.

2016 ஆம் ஆண்டுத் தொகுப்பு இப்பாடத்தைப் பாதியளவு கற்றுள்ளது. தொழிலுக்கும் சொந்த உபயோகத்திற்கும் தேவையான கருவிகள், புத்தகங்கள், வாகனங்கள். குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்கான வீட்டுப் பொருள்கள். ஆயுள் காப்பீடு, ஓய்வூதியத் திட்டம் ஆகியவற்றுக்கு அது விலை வரம்பு கூறவில்லை. வாகனம் என்னும் சொல் இடம்பெற்றிருப்பது, ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்குப் பழைய சட்டத்தின் கைவினைஞர் கருவி என்னும் தொடரைவிடத் தெளிவான துணையாகும். மேற்கண்டவை எவையும் ஈடு வைக்கப்படாதவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. கழற்றலாகாத அணிகளுக்கு 1 லட்சம் ரூபாயும், ஒரு குடியிருப்பு வீட்டுக்கு நகரத்தில் 20 லட்சமும் கிராமத்தில் 10 லட்சமும் வரம்பாக 2019 ஆம் ஆண்டு விதிகள் நிர்ணயித்தன. இவை ஜாமீன்தாரர்களுக்கான விதிகள். பெருநகரம் எதிலும் 20 லட்சத்துக்கு உட்பட்ட வீடு எத்தனை உண்டு என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். விதியின் சொற்களை அப்படியே கொண்டால், வரம்பைச் சிறிது தாண்டிய வீட்டுக்கு விலக்கே இல்லை. விற்ற தொகையில் வரம்பளவு கடனாளிக்கு என்று வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாயிருக்கும் என்பது எம் கருத்து.

அதே தொகுப்பில் ஏழைக் கடனாளிகளுக்கென்று புதுத் தொடக்கம் என்னும் எளிய முறையும் எழுதப்பட்டுள்ளது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், உடைமை மதிப்பு 20,000 க்கும், கடன் 35,000 க்கும் மேற்படாது, சொந்த வீடும் இல்லாதவர் விண்ணப்பித்தால் 180 நாள் தடைக்காலத்திற்குப் பின் கடனிலிருந்து விடுபட இம்முறை வழிசெய்யும். ஏட்டில் உள்ள இப்பகுதி நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைக்குக் கொண்டுவரும் முன்னர் 2016 இல் எழுதிய இந்த எண்களையும் திருத்த வேண்டியிருக்கும்.

அதுவரை, நொடிப்பு மனுவை எண்ணும் எளியவருக்கு முதல் வாயில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவாகும். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், குறிப்பிட்ட வருமானத்திற்கு உட்பட்டோர் ஆகியோருக்கு அங்கு வழக்கறிஞர் உதவி கட்டணமின்றிக் கிடைக்கும். செல்லும்போது கடன் பத்திரங்களின் நகல், சம்பளச் சீட்டு அல்லது கணக்குப் புத்தகம், எவை எவை ஈடு வைக்கப்பட்டுள்ளன என்னும் தனிப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலையே.